நான்கு பிக்கப்பும் அக்காவின் கையெழுத்தும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்திலிருந்து 34 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அப்பாவும் அம்மாவும் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள். இவர் செம்பனைத் தோட்டங்களில் புல் வெட்டுவது, மருந்து அடிப்பது, உரம் போடுவது ஆகிய வேலைகளைக் காண்ட்ராக்ட் எடுத்து, நான்கு ஆட்களை வைத்துச் செய்கிறார். இருக்கும் பழைய வேன், மழை பெய்தால் செம்மண் ரோட்டில் இறங்கி உட்கார்ந்துகொள்கிறது. இப்போது லிந்தாங் பக்கம் இன்னொரு தோட்டத்து வேலையும் கிடைத்திருப்பதால் பிக்கப் வாங்கியே ஆக வேண்டும். பட்டியலில் நான்கு வண்டிகள்: புது டொயோட்டா ஹைலக்ஸ் 2.4, புது மிட்சுபிஷி டிரைட்டன், புது இசுசு டி-மேக்ஸ், அப்புறம் தைப்பிங்கில் தெரிந்தவர் ஒருவரின் இரண்டு வருடப் பழைய ஃபோர்டு ரேஞ்சர். ரேஞ்சர்காரர் கேட்பது கையில் 8,000 வெள்ளி (ரிங்கிட்). மீதித் தவணையை இவர் அவர் பெயரிலேயே மாதாமாதம் கட்டிக்கொண்டு போக வேண்டும். அதாவது ‘சம்போங் பாயார்’.

வங்கி சம்பளச் சீட்டு கேட்கிறது, இவரிடம் இல்லை. தமிழ்ப்பள்ளி ஆசிரியையான அக்கா ஜாமீன் போடத் தயார். “பேசாமல் வண்டியை அக்கா பெயரிலேயே எடுத்துவிடு” என்கிறார் மச்சான். கடிதத்தின் கடைசியில் இப்படிக் கேட்கிறார்: “எந்த வண்டி நல்லது என்று சொல்லுங்கள். அக்காவுக்குச் சும்மா ஒரு கையெழுத்துதானே, ஆபத்து ஒன்றும் இல்லையே? உர மூட்டை பதினெட்டையும் ஆட்களையும் ஒரே தடவையில் ஏற்றிக்கொண்டால் எண்ணெய் மிச்சம். ஒரு டன் தாங்கும் என்றுதானே சொல்கிறார்கள்?”

தம்பி, எந்த வண்டி என்று வழக்கறிஞரிடம் கேட்கிறீர்களே என்று முதலில் நினைத்தேன். பிறகு கடிதத்தை மறுபடி படித்தேன். நீங்கள் கேட்டிருக்கும் மூன்றுக்கும் ஒரே இடத்தில்தான் பதில் இருக்கிறது. தவணை தவறி ஏலத்துக்குப் போன பிக்கப்களின் காகிதங்களும், விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் கைவிரித்த பிக்கப்களின் காகிதங்களும் என் மேசைக்கு வருவது வழக்கம். அவற்றில் நல்ல வண்டி, கெட்ட வண்டி என்ற பிரச்சினை அபூர்வம். யார் பெயரில் எடுத்தார்கள், எதை ஏற்றினார்கள், எந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்பதுதான் பிரச்சினை. ஆனாலும் வண்டியைப் பற்றிச் சொல்லாமல் நழுவமாட்டேன். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்த ஒரு டன்னில் நீங்களும் அடக்கம்

இந்த ரக பிக்கப்களின் சுமைத் திறன், ரகத்தைப் பொறுத்துக் கொஞ்சம் கூடக் குறைய ஒரு டன். அது பின்தட்டில் மட்டும் ஏற்றும் எடை என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை. ஓட்டுபவர், பக்கத்தில் இருப்பவர், பின் சீட்டில் மூன்று பேர், நீங்கள் பிறகு பொருத்தும் இரும்புக் கூண்டு, எல்லாம் சேர்ந்துதான் அந்த ஒரு டன்.

உங்கள் கணக்கையே போட்டுப் பாருங்கள். ஐந்து பேர், ஆளுக்கு 70 கிலோ என்றாலும் 350. மருந்து அடிக்க 200 லிட்டர் தண்ணீர் டிரம் 200 கிலோ. புல் வெட்டும் இயந்திரங்கள், பம்பு, கூண்டு எல்லாம் சேர்ந்து 80 என்று வையுங்கள். ஆக 630 கிலோ ஆகிவிட்டது. உரத்துக்கு மிச்சம் 370. ஐம்பது கிலோ மூட்டை ஏழுதான் ஏறும். பதினெட்டு மூட்டை என்றால் அதுவே தனியாக 900 கிலோ. டிரம், கூண்டு எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு நீங்கள் ஒருவர் மட்டும் ஓட்டிப் போனாலும் ஏறக்குறைய எல்லைக்கே வந்துவிடும். உங்கள் பட்டியலில் இருக்கும் எந்த வண்டியும் அந்த லோடை ஆட்களோடு சேர்த்துச் சட்டப்படி ஏற்றாது. அதனால் “எது அதிகம் தாங்கும்” என்ற கேள்வியை இப்போதே விட்டுவிடலாம். இரண்டு நடை போக வேண்டும், அவ்வளவுதான். அதிக லோடு ஏற்றி லிந்தாங் ரோட்டு வளைவில் பிரேக் பிடிக்காமல் போனால், அதற்கப்புறம் மிச்சமான எண்ணெயைப் பற்றி யாரும் பேசப் போவதில்லை.

ஆட்களைப் பின்தட்டில் ஏற்றுவது பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் தோட்டங்களில் காலங்காலமாகப் பார்த்த காட்சிதான். ஆனால் பொதுச் சாலையில் அது குற்றம். அபராதம்கூடப் பெரிதில்லை. ஒருவர் விழுந்து தலையில் அடிபட்டால் நஷ்டஈட்டு வழக்கு வண்டி உரிமையாளர் மேலும் ஓட்டியவர் மேலும் வரும். டபுள் கேபினில் உங்களோடு சேர்த்து ஐந்து பேர் உட்காரலாம். உங்கள் ஆள் கணக்கு சரியாக அதற்குள் அடங்குகிறது. ஐந்தே பேரோடு நிறுத்துங்கள்.

நான்கு வண்டிகளும் என் பார்வையில்

உங்களுக்கு நான்கு சக்கர இழுவை கட்டாயம் வேண்டும். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதில் ஒரு விஷயம் ஷோரூமில் குழம்பிப் போகிறது. ஹைலக்ஸ், டி-மேக்ஸ், ரேஞ்சரின் சாதாரண ரகங்கள் எல்லாம் தேவைப்படும்போது மட்டும் முன் சக்கரத்தைச் சேர்க்கும் வகை. சேற்றில், சரளையில் போட்டுக்கொள்ளலாம். காய்ந்த தார் ரோட்டில் ‘ஃபோர் ஹை’ (நான்கு சக்கர இழுவை) போட்டு ஓட்டினால், வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் ஓட வேண்டியிருப்பதால் கியர்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். டிரைட்டனில் இருக்கும் ‘சூப்பர் செலக்ட்’ அமைப்பில், முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுழல இடம் கொடுக்கும் டிஃபரென்ஷியல் ஒன்று நடுவில் உண்டு. அதனால் தார் ரோட்டிலும் நான்கு சக்கரத்தில் ஓடலாம். மழையில் நனைந்த மலைப் பாதைக்கு அருமையான வசதி. ஆனால் அது எல்லா டிரைட்டனிலும் வராது, விலை கூடிய ரகத்தில்தான் வரும். நீங்கள் கடிதத்தில் எழுதியிருக்கும் விலை அடிப்படை மேனுவல் ரகத்தின் விலை மாதிரி தெரிகிறது. பிரசுரத்தில் படம் பார்த்து ஏமாற வேண்டாம். நீங்கள் வாங்கும் அந்த ரகத்தின் பெயருக்கு நேராக என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

இழுவிசை, அதாவது லோடை இழுக்கும் எஞ்சின் பலம், போதுமா என்று உங்கள் மச்சான் கவலைப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கவலை தேவையற்றது. 2.4 லிட்டர் ஹைலக்ஸ் ஆட்டோ 400 நியூட்டன் மீட்டர், டிரைட்டனின் ஒற்றை டர்போ 430, ரேஞ்சரின் ஒற்றை டர்போ 2.0 லிட்டர் 405. டி-மேக்ஸில் மட்டும் கவனம் வேண்டும். 1.9 லிட்டர் எஞ்சினுக்கு 350, 3.0 லிட்டருக்கு 450. 2024 அக்டோபரில் தாய்லாந்தில் 1.9-க்குப் பதிலாக 2.2 லிட்டர் எஞ்சின் வந்தது, அதற்கு 400. கடைக்காரர் உங்களுக்குக் கொடுப்பது எந்த எஞ்சின் என்று கேளுங்கள். பழைய இருப்பாக இருந்தால் விலையில் குறைக்கச் சொல்லுங்கள். 350 போதாது என்று சொல்லவில்லை. உரமும் தண்ணீர் டிரம்மும் ஏற்றி மேட்டில் ஏறும்போது எஞ்சினை அடிக்கடி விரட்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

யாராவது நிசான் நவாராவும் பார் என்று சொன்னால், அதன் டபுள் கேபினுக்குப் பின்னால் காயில் ஸ்பிரிங் என்பதை நினைவில் வையுங்கள். குடும்பத்தோடு ஈப்போவுக்குப் போக சுகமாக இருக்கும். தினமும் மூட்டை சுமக்கிற உங்கள் வேலைக்கு, மற்ற நான்கிலும் இருக்கும் பட்டை ஸ்பிரிங்தான் எனக்குப் பிடிக்கும். உடைந்தாலும் சுங்கை சிப்புட் பட்டறையிலேயே ஒரு பட்டையை மாற்றிக் கொடுத்துவிடுவார்கள்.

அப்புறம், வழக்கறிஞர் என்ற முறையில் நான் பார்க்கும் இன்னொரு குணம் உண்டு. விற்றால் என்ன விலை கிடைக்கும் என்பதுதான் அது. இது பெருமைக்கான விஷயம் இல்லை. தவணை தவறி வங்கி வண்டியை எடுத்து ஏலம் விட்டால், ஏலத் தொகை போக மிச்சக் கடனை நீங்களும் ஜாமீன் போட்டவரும் கட்ட வேண்டும். உதாரணத்துக்கு 80,000 பாக்கி இருக்கும்போது ஏலத்தில் 55,000 வந்தால், 25,000 வெள்ளிக்கு வண்டியே இல்லாமல் கடன்காரர் ஆகிவிடுவீர்கள். பழைய வண்டிச் சந்தையில் ஹைலக்ஸுக்கு நம் ஊரில் எப்போதும் கிராக்கி. விலை கீழே போனாலும் மெதுவாகத்தான் போகும். நம்மவர்கள் ஹைலக்ஸ் ஹைலக்ஸ் என்று உயிரை விடுவதில் பாதி பழக்கம்தான். ஆனால் மீதிப் பாதியில் இந்த நியாயம் இருக்கிறது.

அதனால் என் வரிசை இது. உங்கள் வேலைக்கு ஹைலக்ஸ் 2.4-இன் விலை குறைந்த நான்கு சக்கர ரகம் முதலில். 2.2 அல்லது 3.0 எஞ்சின் கொண்ட டி-மேக்ஸ் அதற்குச் சமமாகப் பக்கத்தில். இரண்டில் எந்தக் கடை சர்வீஸ் நாளையும் உதிரிப்பாகத்தையும் ஒழுங்காகத் தருகிறது என்று ஏற்கெனவே வைத்திருக்கும் இரண்டு காண்ட்ராக்டர்களிடம் விசாரித்து முடிவு செய்யுங்கள். சூப்பர் செலக்ட் இருக்கும் ரகத்துக்குக் கை எட்டினால் மட்டும் டிரைட்டன். அடிப்படை டிரைட்டன் மோசமான வண்டி இல்லை. நல்ல தள்ளுபடி வந்தால் அதையும் வாங்கலாம். ஆனால் மாதத் தவணையில் வெறும் 60 வெள்ளி குறைகிறது என்பதற்காக வாங்காதீர்கள். எதை எடுத்தாலும் அலாய் வீல், பெரிய திரை, ஸ்டிக்கர் எல்லாவற்றையும் விடுங்கள். ஏர்பேக் எத்தனை, தானாகப் பிரேக் போடும் வசதி உண்டா என்பதை மட்டும் விடாமல் கேளுங்கள். சில பிராண்டுகள் அவற்றை விலை குறைந்த ரகத்தில் வெட்டிவிடுகின்றன.

ரேஞ்சரைப் பற்றிக் கேட்டால், வண்டியாக எனக்கு அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நீங்கள் வாங்கப் போகும் வழிதான் சரியில்லை.

சம்போங் பாயார் வேண்டவே வேண்டாம்

வங்கிக் கடனில் வண்டி எடுக்கும் வாடகைக் கொள்முதலில் (ஹயர் பர்ச்சேஸ்), கடன் முடியும் வரை வண்டி வங்கியுடையது. தைப்பிங்காரர் உங்களுக்கு விற்க அவரிடம் எதுவும் இல்லை. நீங்கள் கொடுக்கும் 8,000 வெள்ளிக்கு உங்கள் கையில் சாவியைத் தவிர ஒரு காகிதமும் வராது. இரண்டு வருடம் ஒழுங்காகக் கட்டிய பிறகு அவர் வங்கியில் போய் வேறு கதை சொன்னால், வண்டி அவருடையது, கட்டிய பணம் அவர் கணக்கில். அவர் திவாலானால் இன்னும் மோசம். வங்கிக்குத் தெரியாமல் வண்டியைக் கைமாற்றுவது 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி அவருக்கும் குற்றமாகலாம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் இருப்பது அவர் பெயரில். உங்கள் தொழிலுக்காக நீங்கள் ஓட்டுகிறீர்கள் என்பது அந்தக் கம்பெனிக்குத் தெரியவே தெரியாது.

ரேஞ்சர்தான் வேண்டும் என்றால் நேர் வழி இருக்கிறது. அதே சட்டம், வங்கியின் சம்மதத்தோடு ஒப்பந்தத்தை இன்னொருவருக்கு மாற்றிக்கொடுக்க இடம் தருகிறது. நீங்களும் அவரும் சேர்ந்து வங்கிக்குப் போங்கள். “வங்கிக்கு எல்லாம் போக வேண்டாம், நமக்குள்ளே பேசி முடிப்போம்” என்று அவர் சொன்னால், அந்த ஒரு வார்த்தையிலேயே உங்களுக்கு விடை கிடைத்துவிடும்.

அக்கா எங்கே கையெழுத்துப் போடப் போகிறார்?

சும்மா ஒரு கையெழுத்து என்பது கிடையாது, தம்பி. மச்சான் சொல்வதுபோல் வண்டியை அக்கா பெயரில் எடுத்தால் கடன்காரர் அக்கா. நீங்கள் சட்டத்தின் கண்ணுக்கே தெரியமாட்டீர்கள். சம்மன் அவருக்கு, சாலை வரி அவருக்கு, நீங்கள் யாரையாவது இடித்துவிட்டால் உரிமையாளர் என்ற பெயரில் வழக்கும் அவருக்கு. அரசாங்கத்தின் டீசல் உதவிப் பணமும் வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய வருமானத்தைப் பார்த்துத்தான் முடிவாகும். 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் லிட்டருக்கு 2.15-இலிருந்து 3.35 வெள்ளிக்குத் தாவியது. அப்போது தகுதியுள்ளவர்களுக்கு மாதம் 200 வெள்ளி என்று புடி மடானி உதவி தொடங்கியது. வண்டி உங்கள் பெயரில் இருந்தால் அதற்கு விண்ணப்பிக்க முடியுமா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அக்கா பெயரில் இருந்தால் நீங்கள் விண்ணப்பிக்கும் பேச்சுக்கே இடமில்லை. ஆக, அந்த யோசனையைக் கைவிடுங்கள்.

ஜாமீன் அதைவிடப் பரவாயில்லை என்றாலும், அதில் பெரும்பாலோர் கவனிக்காத ஒரு முடிச்சு இருக்கிறது. 2017-இல் நடைமுறைக்கு வந்த திவால் சட்டத் திருத்தம் ‘சமூக ஜாமீன்தாரர்’ என்று ஒரு பிரிவை உண்டாக்கி, அவர்களைத் திவாலாக்க முடியாது என்று காப்பாற்றியது. கல்விக் கடன், குடியிருக்கும் வீடு, வாகனம் ஆகியவற்றுக்கு லாப நோக்கமில்லாமல் ஜாமீன் போட்டவர்கள் அதில் வருவார்கள். ஆனால் வாகனம் என்றால் சொந்த உபயோகத்துக்கான, தொழில் சாராத வாகனமாக இருக்க வேண்டும். உங்கள் பிக்கப் முழுக்க முழுக்கத் தொழிலுக்கு. அக்காவுக்கு அந்தக் கவசம் கிடைக்காமல் போகலாம். சாதாரண ஜாமீன்தாரரையும் உடனே திவாலாக்கிவிட முடியாது. உங்களிடம் வசூலிக்க எல்லா வழியும் முயன்ற பிறகு நீதிமன்ற அனுமதியோடுதான் தொடர முடியும். திவாலுக்கான கடன் வரம்பும் இப்போது 100,000 வெள்ளி. ஆகவே நாளைக்கே வானம் இடிந்து விழாது. ஆனால் 25,000 வெள்ளி பாக்கிக்கு அவர்மேல் வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்க அந்த வரம்பு எதுவும் தடையில்லை. வங்கிகள் பார்க்கும் கடன் பதிவிலும் அந்த ஜாமீன் தெரியும். அக்கா வீட்டுக் கடனுக்கு யோசித்துக்கொண்டிருக்கிறார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தகவலைக் கடிதத்தின் முதல் வரியில் வைத்திருக்க வேண்டும்.

ஜாமீனே இல்லாமல் முடியுமா என்று முதலில் முயன்று பாருங்கள். சம்பளச் சீட்டு இல்லாதவனுக்குக் கடனே கிடையாது என்று நீங்கள் முடிவு கட்டிவிட்டீர்கள். அப்படி இல்லை. எஸ்எஸ்எம் (நிறுவன ஆணையம்) தொழில் பதிவு, தோட்ட நிர்வாகம் தரும் காண்ட்ராக்ட் கடிதம், ஆறு மாத வங்கிக் கணக்கு, வருமான வரிக்குத் தாக்கல் செய்த பி பாரம், இவை இருந்தால் பல வங்கிகள் பேசும். ரொக்கமாகக் கூலி வாங்கிக் கையிலேயே செலவழிப்பதுதான் இதில் உங்களுக்கு எதிரி. இன்றிலிருந்து எல்லாப் பணத்தையும் கணக்கு வழியாக ஓட்டுங்கள். வேன் இன்னும் ஓடுகிறதென்றால் ஆறு மாதம் பொறுத்து விண்ணப்பிப்பதில் கெடுதல் இல்லை. முன்பணத்தையும் அதற்குள் சேர்க்கலாம். சட்டப்படி குறைந்தது பத்தில் ஒரு பங்கு. இருபது சதவீதம் கட்டினால் ஜாமீன் பேச்சு பெரும்பாலும் அடங்கிவிடும். அப்பாவின் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தை மொத்தமாக எடுத்து இதில் போட வேண்டாம். அது அவருடைய மருந்துச் செலவு.

தவணைக் கணக்கு

ஒரு லட்சம் வெள்ளி கடன், ஆண்டுக்கு 3.5 சதவீதம் நிலையான வட்டி என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது வருடத்துக்கு வட்டி மட்டும் 31,500. மாதத் தவணை 1,218 வெள்ளி. ஏழு வருடம் என்றால் வட்டி 24,500, தவணை 1,482. இந்த 3.5 என்பது, நீங்கள் பாதியைக் கட்டி முடித்த பிறகும் முழுக் கடனுக்கும் போடப்படுவது. குறைந்துவரும் பாக்கிக்கு எவ்வளவு வட்டி என்று பார்த்தால் ஒன்பது வருடக் கடனுக்கு ஏறக்குறைய 6.3 சதவீதம் வரும். வங்கியிடம் அந்த உண்மையான விகிதத்தைக் கேளுங்கள், சொல்வார்கள். ஒன்பது வருடத்துக்கு விலை கூடிய ரகம் எடுப்பதைவிட ஏழு வருடத்துக்கு விலை குறைந்த ரகம் எடுப்பதுதான் உங்கள் தொழிலுக்கு நல்லது. உரமும் மருந்தும் சுமக்கிற பின்தட்டும் சேஸும் எட்டாவது வருடத்தில் எப்படி இருக்கும் என்று உங்கள் ஊர்ப் பட்டறையில் கேட்டால் காட்டுவார்கள். உப்பு மாதிரிதான் உரம், இரும்பை விடாது. வாரம் ஒரு தடவை அடிப்பக்கத்தைத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள்.

தவணை தவறினால் வங்கி மறுநாளே ஆளனுப்பி வண்டியை இழுத்துப் போக முடியாது. இரண்டு தவணை அடுத்தடுத்துத் தவறியிருக்க வேண்டும், 21 நாள் நோட்டீஸ் தர வேண்டும். ரொக்க விலையில் 75 சதவீதத்துக்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற உத்தரவும் வேண்டும். இதெல்லாம் வாடகைக் கொள்முதல் சட்டம் தரும் பாதுகாப்பு. ஆனால் அந்தச் சட்டத்தின் அட்டவணை, சரக்கு வாகனம் என்றால் மொத்த அனுமதி எடை 2,540 கிலோ வரைதான் என்கிறது. உங்கள் பட்டியலில் இருப்பவை லோடோடு மூன்று டன்னை ஒட்டி வரும். வண்டி எந்த வகையில் பதிவாகிறது, ஒப்பந்தம் 1967 சட்டத்தின் கீழ் போடப்படுகிறதா என்ற இரண்டையும் கையெழுத்துப் போடும் முன் எழுத்தில் கேளுங்கள். “சட்டத்துக்கு வெளியே” என்று பதில் வந்தால், நான் மேலே சொன்ன 21 நாளும் 75 சதவீதமும் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் உங்களுக்கு உண்டு.

இன்சூரன்ஸ் சீட்டில் இரண்டு வரி

இதைத்தான் யாரும் படிப்பதில்லை. தனியார் கார் பாலிசியில், எந்த உபயோகத்துக்கு மட்டும் என்று ஒரு பத்தி இருக்கும். சொந்த உபயோகத்துக்கும் பாலிசிக்காரரின் தொழிலுக்கும் உண்டு என்று முதல் வரி சொல்லும். அதோடு நிம்மதியாக மூடிவைத்துவிடுகிறார்கள். அடுத்த வரியில் வாடகைக்கு ஓட்டுவதும், தொழில் சம்பந்தமாக மாதிரிப் பொருள் தவிர வேறு சரக்கு ஏற்றுவதும் சேராது என்று இருக்கும். உங்கள் உர மூட்டை மாதிரிப் பொருள் இல்லை.

பிக்கப்களைத் தனியார் பாலிசியிலேயே பலர் எடுக்கக் காரணம் உண்டு. கிளெய்ம் செய்யாதவர்களுக்கான தள்ளுபடி அதில் 55 சதவீதம் வரை போகும். வர்த்தக வாகனத்துக்கு 25-உடன் நின்றுவிடும். ஏஜெண்டும் மலிவானதையே நீட்டுவார். நீங்கள் உரமும் மருந்தும் ஆட்களும் ஏற்றுவதை விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்து, அதற்குச் செல்லும் பாலிசி எது என்று கம்பெனியிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்ஆப்பில் “ஓகே பாஸ்” என்று வந்ததை நீதிமன்றத்தில் வைத்து வாதாடுவது எளிதில்லை. வெள்ளம், மண்சரிவுக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும். சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் அவை வராது. லிந்தாங் பக்கம் ஓட்டுகிறவர் இதை விட்டுவிடக்கூடாது. பயணிகளுக்கான சட்டப் பொறுப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பக்கத்துக் காண்ட்ராக்டர் “என் உரத்தையும் கொஞ்சம் ஏற்றிக்கொண்டு வா, நூறு வெள்ளி தருகிறேன்” என்று கேட்பார். நிச்சயம் கேட்பார். அது வாடகைக்கு ஓட்டுவது. மேலே சொன்ன விலக்கு அப்படியே பொருந்தும், சரக்கு வாகன உரிமம் பற்றிய கேள்வியும் வந்து சேரும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. நான்கு ஆட்களுக்கும் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) சந்தா கட்டுகிறீர்களா என்று கடிதத்தில் இல்லை. ஒரே ஓர் ஆள் வைத்திருந்தாலும் முதலாளி பதிய வேண்டும். 2019 ஜனவரியிலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் அது கட்டாயம். வேலைக்குப் போகும் வழியில் வண்டி கவிழ்ந்தால் அடிபட்டவருக்கு முதலில் கைகொடுப்பது அதுதான். பதியாமல் இருந்தால் அந்தச் சுமை உங்கள் தலையில் விழும். வண்டிக்கு விண்ணப்பம் போடும் முன் இதை முடியுங்கள். அந்தப் பதிவும் மாதச் சந்தா கட்டிய ரசீதுகளும் இருந்தால், தொழில் உண்மையாக நடக்கிறது என்று வங்கியிடம் காட்டவும் உதவும்.